ஆஸ்பத்திரித் தெருச் சம்பந்தி

அவர் பெயர் என்னவென்று யாராவது கேட்டால் இன்றைக்கும் நான் முழிப்பேன். ஐப்பசி மழையில் வந்தவர், தை பிறந்து ஊருக்குப் போகிற வரைக்கும் தினம் பார்த்துப் பேசிய மனிதர். ஒரு தடவைகூடப் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. அவர் எல்லோரையும் சம்பந்தி என்றார், நாங்களும் அவரைச் சம்பந்தி என்றோம். இத்தனைக்கும் அவருக்குச் சம்பந்தி என்று சொல்லிக்கொள்ள உலகத்தில் ஒரு ஆள் கிடையாது. அது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அரியலூர் கொஞ்ச காலம் தனி மாவட்டமாக இருந்துவிட்டு, மறுபடியும் பெரம்பலூரோடு ஒட்டப்பட்டிருந்த சமயம். எந்த ஆபீசுக்கு எந்த ஊருக்கு பஸ் ஏறுவது என்று ஜனங்கள் அலைந்துகொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. அது இருந்த இடத்திலேயே இருந்தது, கூட்டமும் குறையவில்லை. அதன் பக்கத்துத் தெருவில் ஓர் அன்னதானக் கூடம். நோயாளிக்குத் துணையாக வந்தவர்களுக்கு மத்தியானம் ஒரு வேளைச் சாப்பாடு. கடைக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து நடத்தினார்கள். அரிசி மட்டும் முழுக்க முழுக்க அரிசி மில்காரர் ஒருவர் கொடுப்பது.

எனக்கு அதே தெருவில் தையல்கடை. காலையில் கடை திறப்பதற்கு முன்னால் போய்க் காய் நறுக்குவேன், மத்தியானம் பரிமாறுவேன். புண்ணியம் தேடிப் போனேன் என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டில் ஒற்றையாக உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காமல் போனேன், அவ்வளவுதான்.

அங்கே சோறு நன்றாகவே இருக்கும். சாப்பிடுகிற முகங்களைத்தான் பார்க்க முடியாது. ‘அமைதியாக உணவருந்தவும்’ என்று சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். எதற்கு எழுதினார்களோ! ஓசிச்சோறு தின்கிறோமே என்கிற கூச்சத்தில் அங்கே ஒருத்தரும் தலை நிமிர மாட்டார்கள். வயிறு நிறைந்ததா என்று கேட்டால், திட்டு வாங்கினவர்கள் மாதிரி தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். எனக்கு ஆத்திரமாக வரும். சொந்தபந்தம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறது என்று வந்தவர்கள்தானே, திருடவா வந்தார்கள்?

அவர் வந்த முதல் நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கல்லங்குறிச்சி விவசாயி ஒருவர், மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கால் முறிந்த மகனுக்குத் துணையாக வந்தவர், நான் இரண்டாம் முறை சோற்றுவாளியோடு போனதும் அவசரமாக இலையை மூடப் போனார். பசி அடங்கவில்லை, வெறும் கூச்சம் என்று பார்த்தாலே தெரிந்தது. அப்போது எதிர் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"என்னா சம்மந்தி, பாதியில இலைய மூடுறீங்க? மாப்பிள்ளை வூட்டுக்காரங்க கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுட்டாங்கன்னு ஊரு எங்களையில்ல ஏசும்! தங்கச்சி, சம்மந்திக்கி சோத்தப் போடு. நடுவுல குழிச்சு விடு, சாம்பாரு ஓடிடப் போவுது!"

கூடம் முழுக்க நிமிர்ந்து பார்த்தது. ஒல்லியாக, கறுத்து, காதில் முடி முளைத்த ஒரு மனிதர். தலைத்துண்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு, தன் வீட்டுக் கல்யாணத்தில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். கல்லங்குறிச்சிக்காரர் ஒரு நிமிஷம் திகைத்தார். பிறகு இலையை விரித்தார்.

"பொண்ணு வூட்டுக்காரங்க இவ்வளவு சொல்லும்போது எப்பிடிங்க தட்டுறது? போடுங்கம்மா."

யாரோ சிரித்தார்கள். அந்தக் கூடத்தில் சிரிப்புச் சத்தத்தை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் அவர் சீக்கிரமே சாப்பிட்டுவிட்டு, வரிசைக்கு வரிசை நடந்து பந்தி விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. எவருக்கு எது வரவில்லை, எவர் கூச்சப்படுகிறார், எவர் வீம்புக்கு வேண்டாம் என்கிறார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லத் தெரிய வேண்டும். ஒருத்தரை விசாரித்து அடுத்தவரை விட்டுவிட்டால் தலைமுறைக்கும் பகை. அதை இவர் அத்தனை சுலபமாகச் செய்தார். கிழக்கு வரிசை பெண் வீடு, மேற்கு வரிசை மாப்பிள்ளை வீடு என்று பிரித்தார். உள்ளே நுழைகிறவரை ஒரு பார்வை பார்த்து உறவைச் சொல்லிவிடுவார். பஸ் ஸ்டாண்டில் பிச்சை எடுக்கிற ஒரு கிழவர் வருவார். அவர் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். அவரை உட்காரவைக்காமல் பந்தி தொடங்கக் கூடாது. எதற்கெடுத்தாலும் சிடுசிடுக்கிற ஒரு ஆள், பாகம் பிரித்ததில் மனஸ்தாபப்பட்டுப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி. "வந்ததே பெருசு, அவரைக் கவனிங்கப்பா" என்பார். அந்த ஆளுக்கே சிரிப்பு வந்துவிடும்.

என்னையும் விடவில்லை. "இவங்க பொண்ணுக்கு அத்தை. சீரு பத்தலன்னு மொறச்சுக்கிட்டுத்தான் நிப்பாங்க. யாரும் தப்பா நெனச்சுக்காதீங்க, கை தாராளம்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லி என் மானத்தை வாங்கினார். நான் கரண்டியை ஓங்கினேன். மாப்பிள்ளை வீடு கைதட்டியது.

அவர் யார் என்று விசாரித்தால், மீன்சுருட்டிக்கு உள்ளே தள்ளி ஒரு முந்திரிக்காட்டில் காவல்காரராம். காக்காயையும் அணிலையும் விரட்டிக்கொண்டு காட்டில் தனியாகக் கிடப்பவர். பேச்சுத்துணைக்கு ஒரு நாய். அப்பேர்ப்பட்ட மனிதருக்குள் இப்படி ஒரு கல்யாணவீடு எங்கே ஒளிந்திருந்தது என்று நாங்கள் பேசிப் பேசி மாய்ந்தோம்.

இன்னொன்றும் நடந்தது. "கல்யாண வூட்டுல சொந்தக்காரன் கையக் கட்டிக்கிட்டா நிப்பான்?" என்று கேட்டுக் கேட்டே எல்லோரையும் வேலையில் இறக்கிவிட்டார். சாப்பிட வந்தவர்களில் ஒருத்தி வெங்காயம் உரித்தாள், ஒருவர் தண்ணீர் இறைத்தார், ஒருவர் இலை எடுத்தார். கல்லங்குறிச்சிக்காரர் தோட்டத்திலிருந்து கத்தரிக்காய் மூட்டையே வந்து இறங்கியது. வேலை செய்த பிறகு ஒருத்தரும் தலைகுனிந்து சாப்பிடவில்லை. அப்பளம் நமுத்துப்போச்சு என்று உரிமையோடு சண்டை போட்டார்கள்.

ரஞ்சன்குடிப் பெரியவர் வந்த நாளைச் சொல்ல வேண்டும். யாரோ உறவுக்காரரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, பசியோடு சத்தம் கேட்டு உள்ளே வந்தவர். இது நிஜக் கல்யாணம் என்றே நம்பிவிட்டார். திருப்தியாகச் சாப்பிட்டு, கை கழுவி, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றார்.

"பொண்ணு மாப்பிள்ளைய எங்கப்பா காணோம்? ஆசீர்வாதம் பண்ணிட்டு நான் பஸ்ஸப் புடிக்கணும்."

நான் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டேன். சம்பந்தி அசரவில்லை. காய்ச்சலில் கிடந்த குழந்தை தேறி, அன்றைக்கு டிஸ்சார்ஜ் ஆகிப் போகவிருந்த ஓர் இளம் ஜோடியைக் கையைப் பிடித்து எழுப்பி, குழந்தையோடு கொண்டுவந்து நிறுத்தினார். "இவங்கதாங்க. கொஞ்சம் அவசரப்பட்டுட்டாங்க" என்றார். கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. பெரியவர் குழந்தையையும் அந்த ஜோடியையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல், மூன்று பேர் தலையிலும் கை வைத்து நல்லா இருக்கணும் என்று வாழ்த்திவிட்டுப் போனார். அந்தப் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் நர்ஸ் ஒருத்திக்குத் தைத்த ஜாக்கெட்டைக் கொடுக்கப் பெண்கள் வார்டுக்குப் போனேன். கடைசிக் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பி ஓர் அம்மா படுத்திருந்தார். பக்கத்தில் ஸ்டூலில், ரசம் சோறு பிசைந்த தட்டோடு நம் சம்பந்தி.

"இன்னிக்கி எந்த ஊரு சம்மந்தம்?" சுவரைப் பார்த்தபடியே அந்த அம்மா கேட்டார்.

"அத ஏன் கேக்குற, ரஞ்சன்குடிக்காரரு ஒருத்தரு வந்து மாட்டுனாரு பாரு... இந்த வாயத் தொற, சொல்றேன்."

ஒரு வாய் உள்ளே போனது. "அப்பறம்?"

"அப்பறம் என்னா, பொண்ணு மாப்பிள்ளை எங்கன்னு கேட்டுட்டாரு. இதையும் வாங்கிக்க."

கதை முடிவதற்குள் தட்டில் பாதி காலியாகிவிட்டது. குழந்தையோடு நின்ற ஜோடியைப் பற்றிச் சொன்னபோது அந்த அம்மாவின் தோள் லேசாகக் குலுங்கியது. சிரித்தார்.

நர்ஸ் என்னை வெளியே கூட்டிப் போய்ச் சொன்னாள். "கட்டி இருந்துச்சுக்கா, கர்ப்பப்பையையே எடுத்துட்டாங்க. ஆபரேஷன் நல்லாத்தான் ஆச்சு. சாப்பிட்டாத்தான புண்ணு ஆறும்? எதுக்கு ஆறணும்னு கேக்குறாங்க. பெரிய டாக்டரே கெஞ்சிப் பாத்துட்டாரு. இவரு வந்து கல்யாணக் கதை சொன்னாத்தான் நாலு வாய் உள்ள போவுது. அதுவும் நின்னுச்சுன்னா எங்களால ஒண்ணும் பண்ண முடியாதுக்கா."

அந்த அம்மா சம்பந்தியின் மனைவி. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நான் இரண்டு மூன்று தடவை போய்ப் பழகிய பிறகு அந்த அம்மாவே ஒரு நாள் சொன்னார். நாத்தனார் மகள் கல்யாணத்தில் ஆசையாக வாசலில் போய் நின்று, சந்தனமும் கற்கண்டும் வைத்த வரவேற்புத் தட்டைக் கையில் எடுத்தாராம். நாத்தனார் ஓடி வந்து, "அண்ணி, நீங்க உள்ள போயி உக்காருங்க, வேற யாராச்சும் நிக்கட்டும்" என்று தட்டை வாங்கிக்கொண்டாளாம். "திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். சிரிச்சுக்கிட்டே வாங்குனா. அன்னியிலேருந்து எந்தக் கல்யாணத்துக்கும் நாங்க போறதில்ல" என்றார். எனக்கு அந்த நாத்தனாரைத் தேடிப் போய் நாலு கேட்க வேண்டும் போல இருந்தது.

சம்பந்தியிடம் ஒரு நாள் கேட்டேன். "இதுக்காகத் தினமும் தொண்டை கட்டக் கத்தணுமா? நாலு கதைய நீங்களே கட்டி விடக் கூடாதா?"

"எனக்கு அது வராது தங்கச்சி. பொய் சொன்னா மூக்கு வேத்துரும். அவ படக்குனு கண்டுபுடிச்சுருவா. இங்க நடந்தாத்தான் அங்க சொல்ல முடியும்" என்றார். அதையும் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

இனிமேல்தான் வினை. எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைய சாப்பாடு யார் உபயம், எதற்காக என்பது சமையல்காரருக்கு மட்டும்தான் தெரியும். சோறு போட்டுவிட்டுத் தம்பட்டம் அடிக்கக் கூடாது என்பது மில்காரரின் கொள்கை. நல்ல கொள்கைதான். அன்றைக்கு இலையில் வடையும் பாயசமும் வந்தன. வாழைக்காய்ப் பொரியல் வந்தது, வெங்காய வாசனையே இல்லை. பார்த்தவுடன் எவருக்கும் புரிந்திருக்க வேண்டும். நம் ஆளுக்கு வடை பாயசத்தைக் கண்டதும் தலைகால் புரியவில்லை. நானாவது இருந்திருந்தால் வாயைப் பொத்தியிருப்பேன். தைத்த துணியை டெலிவரி கொடுத்துவிட்டு நான் வரும்போது பந்தி பாதி முடிந்திருந்தது.

நான் நுழைகிறேன், எனக்கு முன்னால் மில்காரர் நுழைகிறார். ஈரத் தலை, மேலே துண்டு மட்டும், சாப்பிட்டவர்களைக் கும்பிட்டுவிட்டுப் போக வந்திருக்கிறார். சம்பந்தி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எதிரே ஓடினார்.

"வாங்க வாங்க, பெரிய சம்மந்தி! வடையும் பாயசமுமா அசத்திப்புட்டீங்க! இதே மாதிரி உங்க வூட்டுல சீக்கிரமே இன்னொண்ணு நடக்கணும், நாங்கல்லாம் இதே மாதிரி குந்திச் சாப்புடணும்!"

இரண்டு வரிசையும் ஆரவாரமாக ஆமாம் போட்டது. சமையல்காரர் அடுப்படியிலிருந்து தலையில் அடித்துக்கொண்டே ஓடி வந்தார். "யோவ், அவங்கம்மாவுக்குத் தெவசம்யா இன்னிக்கி!"

போதாததற்கு மில்காரரின் அப்பா வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அது அந்தத் தெருவுக்கே தெரியும், இவருக்குத் தெரியாது. மில்காரர் முகம் செத்துப்போயிற்று. சம்பந்தி நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தார். மில்காரர் காலை விலக்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலையில் சேதி வந்தது. சோறு எப்போதும்போல் நடக்கும். பந்தியில் பேச்சுச் சத்தம் கேட்டால் அன்றோடு அரிசி நின்றுவிடும்.

மில்காரர்மீதும் எனக்குக் கோபம் இல்லை. பெற்ற தாய் திதியில் இப்படி ஒரு வாழ்த்து கிடைத்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆனால் கூடம் மறுபடியும் பழைய கூடம் ஆகிவிட்டது. மில்காரர் தினமும் பந்தி நேரத்துக்கு வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். சம்பந்தி சுவரோரமாக உட்கார்ந்து, தலை நிமிராமல் நாலு வாய் தின்றுவிட்டு எழுந்து போனார். அவரை அப்படிப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"அங்க எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன்.

"இன்னிக்கி எந்த ஊருன்னு கேட்டா. ஒண்ணும் நடக்கலன்னு சொன்னேன். அப்ப எடுத்துட்டுப் போங்கன்னு தட்டத் தள்ளிட்டா. மூணு நாளா வெறும் தண்ணிதான் தங்கச்சி. தையலு ஒரு பக்கம் விட்டுப்போச்சாம்." துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "ஒரு வாய்ச் சொல்லால எல்லாத்தையும் கெடுத்துக்கிட்டேனே."

நான் அதைக் கொண்டுபோய் அடுப்படியில் கொட்டினேன். வெங்காயம் உரித்தவர்கள், பாத்திரம் தேய்த்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். கல்லங்குறிச்சிக்காரர், "அந்தம்மா எந்த வார்டு?" என்றார்.

சாயங்காலம் பார்வை நேரத்துக்கு ஒரு கூட்டமே பெண்கள் வார்டுக்குள் நுழைந்தது. மேற்கு வரிசை மொத்தமும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டுத் தாய்மாமன்கூட வந்திருந்தார். நர்ஸ் தடுக்க வந்தாள், நான் அவளுக்குத் தைத்த ஜாக்கெட்டை நினைவுபடுத்தி ஓரமாக நிறுத்தினேன். கல்லங்குறிச்சிக்காரர் கட்டிலருகே போய் நின்றார்.

"சம்மந்தியம்மா, ஞாயம் கேட்டு வந்துருக்கோம்."

அந்த அம்மா மெதுவாகத் திரும்பினார். "யாருங்க நீங்கல்லாம்?"

"மாப்பிள்ளை வூடு. வாங்கன்னு ஒரு வார்த்தை கெடையாது, போதுமான்னு ஒரு வார்த்தை கெடையாது. உங்க வூட்டுக்காரரு மொகத்தத் திருப்பிக்கிட்டு ஒக்காந்துருக்காரு. இப்பிடியா சம்மந்தம் பண்ணுவாங்க? பொண்ணப் பெத்தவங்க நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாத்தான் இனிமே நாங்க அங்க கை நனைப்போம்."

யாரைப் பார்த்து எதைச் சொல்லிவிட்டார் பாவி மனுஷன்! சம்பந்தி ஸ்டூலிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அந்த அம்மா கல்லங்குறிச்சிக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்த கண்ணிலிருந்து நீர் தலையணைக்கு வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"நான் எப்பிடிங்க வர்றது? ரெண்டு அடி வெச்சாத் தலை சுத்துது."

"சாப்பிட்டா ஏன் சுத்தப் போவுது? நாங்க காத்திருக்கோம். அதுவரைக்கும் எங்க கோவம் கோவம்தான்."

அந்த அம்மா கையை நீட்டினார். "அந்தத் தட்டக் குடுங்க" என்றார் கணவரிடம். தானே பிசைந்து, தானே எடுத்துச் சாப்பிட்டார். நாலு வாய்க்கு மேல் முடியவில்லை. ஆனாலும் தன் கையால் சாப்பிட்டார்.

தை பிறந்து சில நாள் கழித்து டாக்டர் நடக்கலாம் என்றார். நானும் நர்சும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, அந்த அம்மா கூடத்துக்கு வந்தார். பந்தி சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. மில்காரர் வழக்கம்போல் வாசலில் நின்றார். திதியன்று நடந்ததை அந்த அம்மாவிடம் முன்பே சொல்லியிருந்தேன். இப்போது காதோடு, "இவருதான்" என்றேன். அந்த அம்மா எங்கள் கையை விட்டுவிட்டு அவர் முன்னால் போய்க் கும்பிட்டார்.

"எங்க வூட்டுக்காரரு காட்டுல கெடக்குறவரு, நல்லது கெட்டது தெரியாது. வாய்தவறிப் பேசிட்டாரு. அம்மாவ நெனச்சு ஊருக்கே சோறு போடுறீங்க, அதுல எங்களால கசப்பு வேணாங்க. பெரிய மனசு பண்ணி வந்து ஒக்காருங்க, சம்மந்தி."

கூடத்தில் ஒருத்தர் கையும் வாய்க்குப் போகவில்லை. நாளைக்கு அடுப்பு எரியுமா என்பதே அவர் வாயில் இருந்தது. மில்காரர் அந்த அம்மாவின் முகத்தையும் வயிற்றில் இருந்த கையையும் பார்த்தார்.

"நீங்க சாப்பிட்டீங்களாம்மா?"

"இன்னும் இல்லீங்க."

"சம்மந்தியம்மா சாப்பிடாம நான் மட்டும் எப்பிடி ஒக்கார்றது?" செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து மேற்கு வரிசையில் சம்மணம் போட்டார். "எனக்கும் ஒரு இலை போடுங்கப்பா."

பிறகு அங்கே எழுந்த சத்தத்தைச் சொல்லி முடியாது. அந்த அம்மாவைக் கிழக்கு வரிசையில் ஒரு பலகை போட்டு உட்காரவைத்தோம். மில்காரர் ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு உப்பு பத்தலை என்றார். "பாத்தீங்களா, மாப்பிள்ளை வூட்டு ஆளுன்னு காட்டிட்டாரு!" என்று கல்லங்குறிச்சிக்காரர் கத்தினார். சம்பந்திதான் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. சோற்றுவாளியைத் தூக்கிக்கொண்டு மனைவி பக்கத்திலேயே நின்றார்.

அந்த அம்மா நிதானமாக, இலையில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். பிறகு நிமிர்ந்து, "இன்னும் ரெண்டு கரண்டி வைங்க, மோருக்கு வேணும்" என்றார்.

சம்பந்தி கரண்டியை வாளிக்குள் விட்டார், தூக்க முடியவில்லை. தோளில் கிடந்த துண்டு முழுக்கக் கண்ணீர். நான் வாளியை வாங்கிச் சோற்றைப் போட்டேன்.

அந்த அம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தார். "என்னாங்க மரமாட்டம் நிக்கிறீங்க? எதுத்தாப்புல மோரு கேக்குறாங்க பாருங்க. போயிக் கவனிங்க."